பாதியில் எழுந்து போனவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு பிரெஞ்சுப் படம் திரையிடப்பட்டது. படத்தின் டைரக்டரும் வந்திருந்தார். வந்திருந்தார் என்பதுகூடச் சரியில்லை... எங்கள் கெஸ்ட் ரூமில்தான் ஒரு மாதமாகத் தங்கியிருக்கிறார். அவர் என் சம்பந்தி.

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் இருக்கும் ஒரு ரிட்டையர்டு பார்மா ஆசாமிக்கு பிரெஞ்சு டைரக்டர் எப்படிச் சம்பந்தி ஆனார்? என் பெண் நித்யாவைத்தான் கேட்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கூட வேலை பார்த்த பையனை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்து ஹாலில் நிறுத்தினாள். பெயர் மேத்யூ. ஊரில் என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளைக்குக் கோட்டயம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் திருத்தவில்லை.

மேத்யூவின் அப்பா லூசியன். மனைவி காலமாகி சில வருஷம் ஆகிறது. நித்யாவின் வளைகாப்புக்காகப் பிரான்ஸிலிருந்து வந்தார். அன்றைக்கு வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கலந்த சாதம் அத்தனையையும் ஒரு பிடி பிடித்தார். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஏறக்குறைய ஒரே தரம். அதனால் எங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போகிறது.

சம்பந்தி டைரக்டர் என்றதும் நம்மவர்கள் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். எத்தனை படம்? மூன்று. ஹீரோ யார்? ஹீரோ என்று யாரும் இல்லை. ஓடிடியில் இருக்கிறதா? இல்லை. சென்னையிலிருந்து என் மச்சினன் போன் பண்ணி, பெரிய டைரக்டரா சின்ன டைரக்டரா என்று ஒரே வார்த்தையில் பதில் கேட்டான். நான் உயரமானவர் என்று சொன்னேன்.

அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா மருந்துக் கடை வைத்திருந்தாராம். பையனும் பார்மசிதான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாராம். பிரெஞ்சு அப்பாக்கள் வேறு மாதிரி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் படிப்பை விட்டுவிட்டு பாரிஸுக்கு ஓடிப்போய், ஷூட்டிங்கில் ஒயர் சுற்றுகிற வேலையில் சேர்ந்தார். அப்புறம் சித்தப்பாவின் பண்ணையில், அந்த ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து முதல் படம் எடுத்தார். அதற்குப் பரிசு கிடைத்தது, பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்து ஆடின. இரண்டாவது படம் சுமார். மூன்றாவது படத்துக்கு வருஷக்கணக்கில் உழைத்தார். அதோடு சரி, நாலாவது படம் இல்லை. ஒரு ஃபிலிம் ஸ்கூலில் பாடம் நடத்தினார். நடுவில் ஒரு சீஸ் விளம்பரம் எடுத்தாராம்... அது மட்டும் பிரான்ஸ் முழுக்க சக்கைப்போடு போட்டது.

பிரச்சினையை ஆரம்பித்து வைத்தது என் மனைவி வசந்தி. நம்ம சாப்பாடு, நம்ம சடங்கு எல்லாத்தையும் அவர் மூஞ்சி சுளிக்காம பார்த்துட்டார், நாம அவர் படத்துல ஒண்ணையாவது பார்க்க வேண்டாமா, அப்புறம் என்ன மரியாதை என்று கேட்டாள். நியாயம்தான். அவரிடமே போய்க் கேட்டுவிட்டாள். வசந்தி கேட்டு முடியாது என்று சொன்னவர்கள் இதுவரை யாரும் இல்லை. அவரும் லேப்டாப்பில் இருந்த மூன்றாவது படத்தை எடுத்துக் கொடுத்தார். உடனே வாட்ஸப் குரூப்பில் மெசேஜ் பறந்தது. சம்பந்தி படம், ஞாயிறு மூன்று மணி, டிபன் உண்டு.

அன்று சாயங்காலம் மேத்யூ என்னைத் தனியாக கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனான். இந்த ஊரில் மாப்பிள்ளை மாமனாரை கராஜுக்குக் கூப்பிட்டால் ஒன்று கார் பேட்டரி டவுன், இல்லை விஷயம் பெரிசு. பேட்டரி நன்றாக இருந்தது.

விஷயம் இதுதான். அந்த மூன்றாவது படத்தை முதன்முதலில் ஒரு பெரிய விழாவில் போட்டிருக்கிறார்கள். ஹால் நிறைய ஆட்கள். லூசியனும் மனைவியும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேத்யூ அப்போது பள்ளிக்கூடப் பையன், அம்மா பக்கத்தில். பாதிப் படத்தில் யாரோ ஒருத்தர் எழுந்து போனார். பின்னாலேயே ஒரு வரிசை எழுந்தது. அப்புறம் நாற்காலிச் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். விளக்குப் போட்டபோது ஹாலில் குடும்பத்தைத் தவிர அநேகமாக யாரும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்த மனிதர் அப்புறம் தன் படம் எதையும் நாலு பேரோடு உட்கார்ந்து பார்க்கவே இல்லை. ஸ்கூலில் ஸ்டூடண்ட்ஸுக்குப் போட்டுக்காட்டச் சொன்னால்கூட மாட்டேன் என்றிருக்கிறார்.

"அங்கிள், இந்தத் தடவையும் யாராவது எழுந்து போனால் அப்பா தாங்க மாட்டார்" என்றான் மேத்யூ இங்கிலீஷில். மாமனாரை அங்கிள் என்பதா, அப்பா என்பதா என்ற விஷயம் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.

கேன்சல் பண்ணிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் மேலே போனால், லூசியன் ஞாயிற்றுக்கிழமைக்காகச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கிறார். அந்தச் சட்டையைப் பார்த்த பிறகு கேன்சல் பண்ண மனசு வரவில்லை.

ஆகவே முன்னேற்பாடுகளில் இறங்கினேன். வரப்போகிற ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணி, படம் ஓடும்போது உயிரே போனாலும் எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னேன். பாத்ரூம் எல்லாம் முன்னாலேயே. எல்லோரும் சரி சரி என்றார்கள். பக்கத்துத் தெரு சேகர் வார நாட்களில் ஐடி, சனி ஞாயிறில் ரியல் எஸ்டேட் ஏஜென்ட். அவரிடம் மட்டும் போனை கிச்சனிலேயே வைத்துவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் வருத்தப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பும் ஷூவும் குவிந்தன. பேஸ்மென்ட்டில் மடக்கு நாற்காலி, புரொஜக்டர், வெள்ளைச் சுவர். லூசியன் கடைசி வரிசையில், மாடிப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரிமோட் என் கையில். நித்யாவுக்கு முதுகு வலி, மேல் ரூமில் படுத்திருந்தாள். மேத்யூவும் அவளோடு இருந்தான்.

படம் ஆரம்பித்தது. ஒரு வீடு. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. அவன் பேப்பர் படிக்கிறான், அவள் உருளைக்கிழங்கு உரிக்கிறாள். யாரும் பேசவில்லை. கீழே இங்கிலீஷ் சப்டைட்டில் வரும் என்று சொல்லியிருந்தேன். பேசினால்தானே வரும்? மறுநாளும் அவன் பேப்பர் படிக்கிறான். அவள் வேறு உருளைக்கிழங்கு உரிக்கிறாள்.

ஆனால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அதே சமயம் ஒருத்தரும் சும்மாவும் இல்லை. முதல் வரிசையில் திருநெல்வேலி கோமதி ஆன்ட்டி. அவருக்கு எதிரில் அநியாயம் நடந்தால், அது சுவரில் நடந்தாலும், சும்மா இருக்க மாட்டார். இவன் ஒரு வார்த்தை பேசினா என்ன குறைஞ்சா போயிடுவான் என்றார். அவ சாப்பிட்டாளான்னு ஒரு தடவையாவது கேட்டானா என்றார். நல்ல மனை, கிழக்கு பார்த்த வீடு, கிச்சனை மட்டும் ரீமாடல் பண்ணணும் என்று சேகர் பின்னாலிருந்து அபிப்பிராயம் சொன்னார். நான் திரும்பித் திரும்பி லூசியனைப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, எங்கள் பின்மண்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வழியாக அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினாள். அப்படிப் போடு என்றார் கோமதி ஆன்ட்டி. அவள் ஆளில்லாத ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தாள். பஸ் வரவில்லை. காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். அப்போது மேலேயிருந்து வசந்தியின் குரல் — பஜ்ஜி ஆறுது!

நான் மணியைப் பார்த்தேன். பாதிப் படம் ஆகியிருந்தது. நம்மில் யாராக இருந்தாலும் என்ன செய்வோமோ, அதைத்தான் செய்தேன். ரிமோட்டை அமுக்கினேன், விளக்கைப் போட்டேன், "இன்டர்வெல்!" என்றேன்.

மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழுந்தது.

எழுந்திருக்கக் கூடாது என்று ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணிச் சொன்னவன் நான். அவர்களும் சத்தியமாக அந்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்டர்வெல்லில் எழுந்திருப்பது எழுந்து போவதில் சேர்த்தி என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நாற்காலிகள் தடதடவென்று மடங்கின. எல்லோரும் லூசியனைத் தாண்டித்தான் மாடிப்படி ஏற வேண்டும். அவர் எழுந்து ஒதுங்கி வழிவிட்டார். போகிறவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்தர் தோளில் தட்டிக் கொடுத்தார்.

கடைசியில் நானும் அவரும், சுவரில் அந்தப் பெண்ணும் மட்டும் மிச்சம். அவர் சுவரைப் பார்த்து, "அதே இடம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேஸ்மென்ட்டிலிருந்து நேரே பின்பக்கம் திறக்கிற கண்ணாடிக் கதவு வழியாக, கோட்டுகூடப் போடாமல் யார்டுக்குப் போய்விட்டார்.

சத்தம் கேட்டு மேத்யூ ஓடிவந்தான். காலி நாற்காலிகளைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். அப்போதுதான் எனக்குச் சொன்னான். அன்றைக்கு அந்த ஹாலில் முதல் ஆள் எழுந்தது இதே பஸ் ஸ்டாப் ஷாட்டில்தானாம். அதை கராஜிலேயே சொல்லியிருக்கலாம். நானும் இன்டர்வெல் உண்டு என்று கராஜிலேயே சொல்லியிருக்கலாம். அவனுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

என் பெண்ணுக்கு மாமனார், எங்கள் வீட்டுக்கு விருந்தாளி, எழுபது தாண்டிய மனுஷர்... அவருக்கு வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய அவமானத்தை, அதே ஷாட்டில், பஜ்ஜியோடு திரும்ப நடத்திக் காட்டியிருக்கிறேன். அவருடைய கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். பார்பெக்யூ அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

எங்கள் ஊரில் எல்லாப் படத்திலும் ஜனங்கள் பாதியில் எழுந்து போவார்கள் என்றேன்.

"எல்லாப் படத்திலுமா?"

"சூப்பர் ஹிட் படத்திலும்."

அவர் கோட்டை வாங்கினார், போட்டுக்கொள்ளவில்லை. "போய்?"

"காபி குடிப்பார்கள். ஏதாவது சாப்பிடுவார்கள். அப்புறம் திரும்பி வருவார்கள்."

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு கிழவனுக்கு ஆறுதலாக அள்ளிவிடுகிறேன் என்று நினைத்திருப்பார். நான் கண்ணாடிக் கதவைக் காட்டினேன். அது வரைக்கும் பேஸ்மென்ட் காலிதான். பஜ்ஜி நன்றாக வந்துவிட்டால் நம் ஆட்கள் மேலேயே நின்று பேச ஆரம்பித்துவிடுவார்களே என்று எனக்கும் உள்ளூரப் பயம். சொன்னால் நம்புங்கள், என் கல்யாணத்தில்கூட ஜனங்கள் வருகிறார்களா என்று நான் இப்படி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

முதலில் சேகர் வந்தார், கையில் தட்டோடு. பின்னாலேயே இரண்டு பேர். அப்புறம் மொத்தமாக இறங்கினார்கள். மடக்கின நாற்காலிகளைப் பிரித்து, அதே வரிசையில், அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். அவள் புருஷனிடமே திரும்பிப் போவாளா மாட்டாளா என்று உள்ளே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கட்சியும் தட்டைக் கீழே வைக்காமல் வாதாடின.

கோமதி ஆன்ட்டி கண்ணாடிக் கதவைத் தட்டினார். தட்டிவிட்டு, திறந்தே விட்டார்.

"என்ன ரெண்டு பேரும் இங்க நிக்கீங்க? படத்தைப் போடுங்க. அந்தப் பிள்ளை எவ்வளவு நேரந்தான் பஸ் ஸ்டாப்புல தனியா உக்காந்திருப்பா?"

என்ன சொல்கிறார் என்று லூசியன் கேட்டார். நான் இங்கிலீஷில் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். குளிர்தான் காரணம் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாம் பாதியில் அவர் கடைசி வரிசையில் உட்காரவில்லை. கோமதி ஆன்ட்டி பக்கத்து நாற்காலியைக் காட்டி, உட்காருங்க என்றார். உட்கார்ந்தார். அவர் கையில் ஒரு தட்டும் வந்துவிட்டது. சேகர் தூங்கிவிட்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

பஸ் வந்தது, அக்கா வீட்டுக்குப் போக அவள் ஏறினாள், அதோடு படம் முடிந்தது. முடிந்ததும் லூசியன் ஆன்ட்டியிடம், பிடித்ததா என்று நேரடியாகவே கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பிடிக்கலை. ரொம்ப ஸ்லோ" என்றார் ஆன்ட்டி, ஸ்பஷ்டமான இங்கிலீஷில். "பஸ்ல ஏறினவ அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல. எனக்குத் தூக்கம் வராது."

அவர் சொன்னார். படத்தில் இல்லாததை எல்லாம் சொன்னார். அக்கா கதவைத் திறந்தாளாம், அக்கா புருஷனுக்கு அது பிடிக்கவில்லையாம், இவள் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாளாம். சம்பளம் போதுமா என்று ஆன்ட்டி குறுக்கு விசாரணை பண்ணினார். எடுக்காத படத்தைக் கேட்க எல்லோரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். அந்த விழாவில் அவர் இழந்த கூட்டம் இதைவிடப் பெரிசுதான். ஆனால் அந்தக் கூட்டம் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, பாருங்கள்.

நேற்று காலை மேத்யூ காபிக் கப்போடு என்னிடம் வந்தான். அவன் அப்பா பிரான்ஸில் இருக்கும் தன் தங்கைக்கு போன் பண்ணி, முதல் படத்தைத் தேடி அனுப்பச் சொல்லியிருக்கிறாராம். அடுத்த ஞாயிறு அதே ஆட்களைக் கூப்பிட முடியுமா என்று விசாரிக்கச் சொன்னாராம். கூப்பிடலாமே என்றேன். ஆனால் அது இன்னும் நீளமான படம், அப்பாவுக்கு ஒரே ஒரு கவலைதான் என்று மேத்யூ இழுத்தான். என்னவாம் என்றேன்.

இரண்டு இன்டர்வெல் விட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.