தேவராஜ் அண்ணன் தேர்ந்தெடுத்த தோட்டா

அன்று காலை திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் மேலாளர் சுரேஷ் சாரிடமிருந்து போன் வந்தது. தாமதத்துக்குத் திட்டப் போகிறார் என்று நினைத்துத்தான் எடுத்தேன். "கலா, ஆபீசுக்கு வராதீங்க. நேரா தேவராஜ் ஊட்டுக்குப் போங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். மறுமுனையில் டீக்கடைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பால் வாங்கப் போன எடத்துல விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்றார். வந்த ஆட்டோவில் ஏறாமல் நின்றேன். ஓட்டுநர் "வரியா இல்லையாமா?" என்று இரண்டு தடவை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் அவரை அறியாதவர் இல்லை. ஆனால் அடக்கத்தின்போது அவருடைய ஊர்க்காரர்கள் பலர் என்னிடம், "தேவராஜு அங்க இன்னாதான் வேலை பாத்தான்?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மணவாள நகரில் டயர் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் அலுவலகம். கனடாவில் இருக்கும் ஒரு வேட்டைப் பொருள் கடைக்கு வரும் மின்னஞ்சல்களுக்கு நாங்கள் பதில் எழுதுகிறோம். அங்கே மக்கள் சாயங்காலம் உட்கார்ந்து கேள்வி அனுப்புவார்கள். அப்போது இங்கே விடிந்திருக்கும். கூடாரம், பூட்ஸ், பைனாகுலர், தோட்டா என்று ஆளுக்கொரு பிரிவு. தோட்டாப் பிரிவை யாரும் விரும்பவில்லை. எனக்குக் கொடுத்தபோது முடியாது என்று சொல்லிவிட்டேன். மானைக் கொல்ல வழி சொல்லிச் சம்பளம் வாங்குவது பாவம் என்று என் மனதுக்குப் பட்டது. தேவராஜ் அண்ணன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "என்கிட்ட குடுங்க சார்" என்றார்.

அன்று மதியம் அவரிடம் கேட்டேன், "உங்களுக்கு உறுத்தலையாண்ணா?"

"உறுத்துது கலா. ஆனா நாம சொல்லாட்டியும் அவன் சுடத்தான் போறான். அவங்களுக்கு அது ஒரு குளிர்காலத்துச் சாப்பாடு. நாம சரியா சொன்னா அந்த ஜீவன் சீக்கிரம் போய்ச் சேரும். தப்பா சொன்னா குண்டை ஒடம்புல வெச்சிக்கினு காடு பூரா ஓடும்."

மூஸ் என்ற அந்த மானை அவரும் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை. ஒருநாள் சுரேஷ் சாரைச் சுவரோரம் நிற்க வைத்து, அவர் தலைக்கு மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டார். "இது அதோட தோளு. தலையும் கொம்பும் இன்னும் மேல" என்றார். எல்லோரும் கோட்டை அண்ணாந்து பார்த்தோம். "இவ்ளோ பெரிசா?" என்று சுரேஷ் சார் கேட்க, "இவ்ளோ பெரிசா இருந்தாலும் நெஞ்சுல குறி வெக்கிற எடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான் சார். அங்க பட்டாத்தான் ஒடனே சாவும். சுத்தி எங்க பட்டாலும் வேதனை" என்றார்.

அவர் வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. எங்களிடம் வருவதற்கு முன் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். கை உள்ளே இருந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சாரை, வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று கழற்றி வைத்திருந்தார்களாம். "டக்குனு வந்திருந்தா தெரிஞ்சிருக்காது. அது ஹைட்ராலிக். மெதுவா எறங்குச்சு. நிறுத்துற பட்டன் அந்தப் பக்கம், அங்க ஆளே இல்ல. நான் பாத்துக்கினே இருந்தேன்." சாம்பார் சாதத்தை இடது கையால் கிளறியபடி இதைச் சொன்னார். நான் என் டப்பாவை மூடப் போனேன். "அட, சாப்பிடுமா, ஆறிடப் போவுது" என்று தன் டப்பாவிலிருந்த வறுவலை என் பக்கம் தள்ளினார்.

மார்கரெட் என்ற அம்மாள் எழுதியது போன வருஷம் கோடையில். கணவர் அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் இறந்திருந்தார். ஆண்டுதோறும் அவர்தான் மூஸ் வேட்டைக்குப் போவார்; அந்த இறைச்சியில்தான் குடும்பத்துக்குக் குளிர்காலம் கழியும். இந்த முறை கணவரின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, தம்பியின் துணையோடு தானே போவதாக எழுதியிருந்தார். ஒரே குண்டில் விழ வேண்டும், அதனால் உங்களிடம் இருப்பதிலேயே பலமான தோட்டா எது என்று கேட்டிருந்தார்.

இருப்பதிலேயே பலமானது இருப்பதிலேயே விலை கூடியதும்கூட. அதைச் சொல்லி அனுப்பினால் வேலை முடிந்தது. அண்ணன் பதிலுக்குக் கேள்விகள் அனுப்பினார். எந்தத் தோட்டா பொருந்தும் என்று துப்பாக்கிக் குழலின் மேல் பொறித்திருக்கும் எண் என்ன? ஒரு காகிதத் தட்டை மாட்டி வைத்துச் சுட்டால், எவ்வளவு தூரத்திலிருந்து தவறாமல் அடிக்கிறீர்கள்?

மறுநாள் பதில் வந்தது. குழலில் இருந்த எண்ணுக்கும் அவர் கேட்ட பலமான தோட்டாவுக்கும் பொருத்தமே இல்லை. தட்டில் ஒருமுறைகூடப் படவில்லை என்றும் எழுதியிருந்தார். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைத்துத் தோள் கன்றிப் போயிருக்கிறது. அந்தப் பயத்தில் விசையை அழுத்துமுன்பே கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றிருந்தார்.

"பாத்தியா கலா? இந்தம்மாவுக்குப் பலம் வேணாம். கண்ணத் தொறந்துக்கினு சுடணும், அதான் வேணும்" என்றார் அண்ணன்.

அந்தத் துப்பாக்கிக்கு உரிய தோட்டாக்களிலேயே உதைப்புக் குறைவாகவும், குண்டு எலும்பில் பட்டாலும் சிதறாமல் ஆழமாகப் போவதுமான ஒன்றை இரண்டு நாள் தேடினார். ஆங்கில வாக்கியங்களை நான் சரிபார்த்தேன். பழகுகிற தோட்டாவையே வேட்டைக்கும் எடுத்துப் போங்கள், வேறொன்றை மாற்றினால் குறி மாறிவிடும் என்று எழுதினார். தட்டைத் தவறாமல் அடிக்கும் தூரம்தான் உங்கள் தூரம். மிருகம் அதைத் தாண்டி நின்றால் விட்டுவிடுங்கள் என்றும் எழுதினார்.

சுரேஷ் சார் கோபக்காரர் அல்ல. ஆனால் அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரை நெருக்கினார்கள். பதில்கள் தாமதமாகின்றன, விலை கூடிய சரக்கு போகவில்லை என்றார்கள். "கம்பெனி எழுதிக் குடுத்த பதிலை அப்படியே அனுப்புங்க தேவராஜ். இல்லன்னா பிரிவு மாத்த வேண்டி வரும். என்னைப் பேஜாரு பண்ணாதீங்க" என்றார் சுரேஷ் சார்.

அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். அவருடைய மகள் அந்த வருஷம்தான் நர்சிங் சேர்ந்திருந்தாள். வேலை போனால் இரண்டு விரல் இல்லாத கைக்கு மறுபடி யார் வேலை தருவார்கள்? "மாத்திக்கோங்க சார். அந்த ஒரு அம்மாவோட கேள்வியை மட்டும் நான் முடிச்சிட்டுப் போறேன்" என்றார்.

அப்படித்தான் அவர் பூட்ஸ் பிரிவுக்குப் போனார். அங்கேயும் அதே கதைதான். சாயங்காலம் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது அளவெடுத்து அனுப்புங்கள் என்று ஊர் பேர் தெரியாத ஆட்களுக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் ஒருநாள் மார்கரெட் அம்மாளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார் அண்ணன். முதல் நாள் ஒரு பெரிய மூஸ் வந்தது. தூரம் அதிகம். தம்பி சுடு சுடு என்றான், நான் சுடவில்லை. இரண்டாம் நாள் ஏரிக்கரையில் இன்னொன்று வந்தது, என் தூரத்துக்குள். கண்ணைத் திறந்துகொண்டு சுட்டேன். சில அடி நடந்து, தூக்கம் வந்ததுபோல் படுத்துக்கொண்டது. என்ன நடந்தது என்று அதற்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். உங்களுக்கு நன்றி என்று முடித்திருந்தார்.

அண்ணன் எழுந்து பால்கனிக்குப் போனார். கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. டீ எடுத்துக்கொண்டு நானும் போனேன். "படுத்துக்கிச்சாம் கலா" என்றார். கண் நிறைந்திருந்தது. சிரித்தார். மூன்று விரல்களால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும், "படுத்துக்கிச்சாம்" என்றார்.

அடக்கம் அண்ணனின் சொந்த ஊரில், கும்மிடிப்பூண்டிக்குப் பக்கம். ஊத்துக்கோட்டையில் பஸ் மாறிப் போனோம். சர்ச்சில் ஜெபம் முடிந்து கல்லறைக்குப் போகும் வழியில் அவர் மனைவி லில்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் துன்பப்படவில்லை என்று சுற்றியிருந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. லில்லி அக்கா மெதுவாகச் சொன்னார்:

"ஆபீஸ்ல இன்னா வேலைன்னு கேட்டா, மானுக்கு வலிக்காம பாத்துக்குற வேலைன்னு சொல்வாரு. கிண்டல் பண்றாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நெஜமாவா கலா?"

"நெஜந்தாங்கா" என்றேன். அவர் தலையாட்டினார். என் கையை விடாமலே மிச்ச தூரமும் நடந்தார்.

போன வாரம் தோட்டாப் பிரிவை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சுரேஷ் சார் உடனே மாற்றிக் கொடுத்தார். பதிலுக்கு இவ்வளவு நேரம்தான் என்ற கெடுவைப் பற்றி அவர் பேசவில்லை. முதல் கேள்வி ஓர் இளைஞனிடமிருந்து வந்தது. எது சிறந்தது, சீக்கிரம் சொல்லுங்கள் என்றிருந்தான். பதிலைப் பாதி அடித்துவிட்டு நிறுத்தினேன். அண்ணன் தோட்டாப் பிரிவில் இருந்தபோது ஒருநாள், எதற்கண்ணா இவ்வளவு யோசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது: "எழுதிக் கேக்குறவங்க ஒருத்தர் இருக்காங்க. எழுதத் தெரியாதது ஒண்ணு காட்டுல நிக்குது. பதிலு ரெண்டு பேருக்கும் போவணும்."

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். அடித்ததை அழித்துவிட்டு, உங்கள் துப்பாக்கிக் குழலில் என்ன எண் இருக்கிறது என்று அந்தப் பையனுக்கு எழுதினேன்.