லைன் நல்லாத்தான் இருக்குங்க

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தில் ஒரு மனிதரின் கை உடைந்திருக்கிறது. அடித்தவர்கள் வேறு ஆட்கள். அடிக்க வழி செய்து கொடுத்தவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். எங்களிடம் ஒரு மெயின்பிரேம் கம்ப்யூட்டர், மெட்ராஸ் தலைமை அலுவலகத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு டெலிபோன் லைன். தறிக்காரர்கள் நூல் கேட்டால் கவுன்ட்டர் குமாஸ்தா அதை எங்கள் மெஷினில் ஏற்றுவார். அது மெட்ராஸ் மெஷினிடம் கேட்கும். பதில் வந்ததும் நூல் வாங்குவதற்கான சீட்டு அச்சாகும். அந்த இணைப்பைக் கண்காணிப்பதுதான் என் வேலை. திரையின் முதல் பக்கம் இணைப்பு இருக்கிறதா இல்லையா என்று காட்டும். ஒரு கீயை அமுக்கினால் அடுத்த பக்கத்தில் எத்தனை செய்தி போயிற்று, எத்தனை வந்தது, எத்தனை தேங்கிக் கிடக்கிறது என்று தெரியும். முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும் சோம்பேறித்தனம் அங்கே எல்லோருக்கும் இருந்தது.

அந்த வருஷம் நூலுக்கு அடிபிடி. கணபதியிலிருந்தும் அன்னூர்ப் பக்கமிருந்தும் தறியை நிறுத்திவிட்டு விடிந்ததும் வந்து நிற்பார்கள். குமாஸ்தா நூலை வியாபாரிகளுக்குத் தள்ளிவிடுகிறார் என்று ஒரு புரளி வேறு. பாவம், அந்த மனிதர் ஒரு டீகூட யாரிடமும் வாங்கிக் குடிக்க மாட்டார்.

ஒரு நாள் காலை பத்தரைக்கு இன்டர்காமில் அவர் கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, அரை மணி நேரமாச் சீட்டே வரமாட்டீங்குது. லைனக் கொஞ்சம் பாருங்க."

முதல் பக்கத்தைப் பார்த்தேன். இணைப்பு இருந்தது. "நல்லாத்தான் இருக்குங்க," என்று வைத்துவிட்டேன். மூன்றாம் முறையும் கூப்பிட்டபோது எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நேராகக் கவுன்ட்டருக்கே போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அறுபது எழுபது பேர். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "லைன் நல்லாத்தான் இருக்குங்க. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. நீங்கதான் என்னமோ பண்ணி வெச்சிருக்கீங்க."

முன்னால் நின்ற ஆள் என்னைப் பார்க்கவே இல்லை. குமாஸ்தாவைப் பார்த்து, "அப்ப எங்க நூலு எங்கடா போச்சு?" என்றான்.

கதவை உதைத்துத் திறந்தார்கள். அவர் சட்டையைப் பிடித்து மேசைமேல் இழுத்துப் போட்டார்கள். ஒருவன் நாற்காலியைத் தூக்கி முகத்தில் அடித்தான். ஒரு பல் கீபோர்டின் மேல் வந்து விழுந்தது. "சொல்லுங்க அம்மணி, சொல்லுங்க," என்று அவர் என்னிடம்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார். இன்னொருவன் அவர் வலது கையை மேசை டிராயருக்குள் திணித்து, டிராயரை எட்டி உதைத்தான். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. நான் ஓடிவிட்டேன்.

அறைக்குள் வந்து கீயை அமுக்கி அடுத்த பக்கத்துக்குப் போனேன். போனது பூஜ்யம், வந்தது பூஜ்யம். நூற்றுச் சொச்சம் செய்திகள் தேங்கிக் கிடந்தன. இணைப்பு பேருக்குத்தான் இருந்தது. அதைத் துண்டித்து மறுபடி இணைத்தேன். ஒரு நிமிஷ வேலை.

திரும்பி ஓடி வந்தபோது கவுன்ட்டர் பிரிண்டர் கடகடவென்று சீட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. அடித்தவர்கள் அவரை விட்டுவிட்டுச் சீட்டைப் பிடுங்கப் பாய்ந்தார்கள். தரையில் கிடந்தவரை மிதித்துக்கொண்டுதான் போனார்கள்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். தாடையில் கட்டு, கையில் மாவுக்கட்டு. மூன்று விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி சொன்னார். "சஸ்பெண்டும் பண்ணிப்போட்டாங்க. இவருமேல தப்பு இருக்காதுங்க. நீங்களாச்சும் ஆபீசுல சொல்லுங்க," என்று அழுதார்.

அவர் கட்டுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டார். "அம்மணி, நான் எந்தக் கீயத் தப்பா அமுக்கிப்போட்டேனுங்க?"

என் வேலை போய்விடுமே என்று பயந்தேன். "ரெண்டாவது திரையில ஒரு கீய விட்டுட்டீங்க," என்றேன்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நாஞ் சொன்னேனல்ல, என்ற தப்புத்தான்னு. இனி ஆரையும் ஏசாத. போய் அம்மணிக்குக் காப்பி வாங்கிட்டு வா."

அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். வாங்கி வந்த காப்பியை நான் குடித்தேன்.