குவியலுக்குள் இருந்த சூடு

மல்லாட்டையைப் பற்றிப் படிக்க ஒரு காலேஜா என்று எங்கள் தெருவே சித்தியைக் கேலி செய்தது. திண்டிவனத்தைச் சுற்றி விதைக்க, பிடுங்க, உடைக்க, எண்ணெய் ஆட்ட, மூட்டை ஏற்ற என்று பாதிப் பேருக்குச் சோறு போடுவது மல்லாட்டை என்கிற வேர்க்கடலைதான். அதில் படிக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். எங்கள் தெருப் பெண்களுக்கு உடைக்கக் காய் கொடுக்கும் அதே பருப்புக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் சித்திக்கு வேலை கிடைத்ததும் கேலி நின்றுபோனது. தன் தங்கை கையெழுத்துப் போடாமல் ஒரு பருப்புகூடக் கப்பல் ஏறாது என்று விழுப்புரம் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டு வருவாள். இன்று எங்கள் தெருவில் அந்தப் படிப்புப் படித்தவர்கள் நான்கு பேர். நானும் ஒருத்தி. இது நடந்தபோது எனக்கு எட்டு வயது.

காய்ந்த ஓடு விரலைக் கிழிக்கும், பருப்பையும் இரண்டாக்கிவிடும். அதனால் காயைக் குவித்துத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுத்தான் உடைப்பார்கள். தெளிப்பது பிள்ளைகள் வேலை. அந்த முறை தெளித்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் குவியல் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. பிறகு உடைத்து மூட்டை அனுப்பினார்கள். அன்று மாலை சாப்பிட உட்கார்ந்த சித்தியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

“சித்தி, தார்ப்பாய்க்குள்ள கைய வுட்டா வெந்நி மாதிரி சுட்டுச்சு! நாங்க கால பொதச்சிக்கினு வெள்ளாண்டோம்.”

சித்தியின் கை தட்டிலேயே நின்றது.

“தண்ணி தெளிச்சீங்களா?”

“நான்தான் தெளிச்சேன்.”

அதற்குமேல் அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் கம்பெனி ஆள் வந்து எங்கள் தெரு மூட்டைகளைக் கழித்துவிட்டதாகவும், இனி இந்தத் தெருவுக்குக் காய் கிடையாது என்றும் சொன்னார். சோதித்துக் கழித்தது யார் என்று பெண்கள் கேட்டதற்குச் சித்தியின் பெயரைச் சொன்னார். பெண்கள் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்கள். “தங்கச்சி வேலைக்குப் போனா நமக்கெல்லாம் நல்லதுன்னு சொல்லிக்கினு இருந்தியே, இதானா அந்த நல்லது?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அத்தை. கையிலிருந்த முறத்தோடு அம்மா உள்ளே போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்து, தண்ணீர் படக்கூடாது என்ற கட்டளையோடு காய் வந்தது. விரல் கிழிந்தவர்கள் அதற்கும் சித்தியைத்தான் திட்டினார்கள்.

மூட்டைகளைக் கழித்த செய்தி வந்த அன்று சாயங்காலம் வீடு திரும்பிய சித்தி தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், அந்தக் குவியலில் உடைந்துபோன பருப்பை அம்மா எடுத்து வைத்திருந்த டின்னைத் தூக்கி வந்து குப்பைக் குழியில் கொட்டினாள். ஆடுகூட வாய் வைக்காதபடி மேலே ஃபினாயிலை ஊற்றினாள்.

“இன்னாடி பண்ற? ஊரு சோத்துல மண்ணள்ளிப் போட்டது போதாதா?” என்று அம்மா கத்தினாள். “இத ஒடச்சித்தான் உன்ன படிக்க வெச்சேன்!”

“பூஞ்ச புடிச்சிருக்குக்கா. வறுத்தாலும் அந்த வெஷம் போவாது. உள்ள போயி ஈரல அரிச்சிடும்.”

அவர்கள் இருவரும் அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை. சித்தி என் முன்னால் மண்டியிட்டு இரண்டு தோளையும் பிடித்தாள்.

“பாப்பா, நீ தின்னியா? நெஜத்த சொல்லு.”

உடைத்த நாள் முழுக்க, கவுன் பை நிறைய அள்ளி அள்ளித் தின்றிருந்தேன். கம்பெனிப் பருப்பில் கை வைத்தால் அம்மா முட்டியிலேயே அடிப்பாள்.

“ஒண்ணுகூட இல்ல சித்தி.”

சித்தி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அம்மா கத்துவதை நிறுத்திவிட்டாள். தின்னாத பருப்புக்கு ஏன் இந்த அழுகை என்று எனக்கு விளங்கவில்லை. திருட்டு மாட்டவில்லை என்ற நிம்மதியில், பெரியவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டேன்.