மண்ணூர்பேட்டையில் ஒரு காலி வீடு

சனிக்கிழமை, விடியற்காலை. அரக்கோணம் சந்திப்பில் இறங்கியபோது நடைமேடையில் கீரைக்கட்டுகளும் மல்லிகைக் கூடைகளும் எனக்கு முன்பே வரிசையில் நின்றன. கோயம்புத்தூரிலிருந்து வரும் இரவு ரயில் அம்பத்தூரில் நிற்பதில்லை. சென்ட்ரல் வரை போய்த் திரும்பி வராமல், அரக்கோணத்திலேயே மின்சார ரயிலுக்கு மாறிக்கொள்வது எங்கள் குடும்பத்தின் பழைய வழக்கம். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். பயணச்சீட்டு பதினைந்து ரூபாய்.

இந்த முறை நான் ஊர் பார்க்கப் போகவில்லை. அம்பத்தூரை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் ஒரு வீடு காலியாகியிருந்தது. அதை எனக்கு வாடகைக்குத் தருவார்களா என்று கேட்கப் போய்க்கொண்டிருந்தேன். செவிலியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஆனபோது, பிறந்து வளர்ந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. பத்தொன்பது வயதில் விட்டுப்போன இடம்.

எதிர் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடைச் சட்டை போட்ட ஓர் இளைஞர் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, ஆவடி வந்தா கொஞ்சம் எழுப்பறீங்களா?" என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் தூங்கியும் போனார். திருவள்ளூர், வேப்பம்பட்டு, திருநின்றவூர். ஒரு காலத்தில் இந்த ஜன்னலில் நெல் வயல்களைப் பார்த்துக்கொண்டே வருவேன். இப்போது மனைக்கற்களும் அவற்றின் மேல் நட்ட வண்ணக் கொடிகளும். பட்டாபிராமில் அவரை எழுப்பினேன்.

"தினமும் இவ்வளவு தூரமா?" என்றேன்.

"ஆவடில வேல பாக்கறவன் ஆவடில ஊடு எடுக்க முடியுமாக்கா? சம்பளத்துல பாதி வாடகைக்கே பூடும்." முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "தூக்கந்தான் ரயில்ல கெடைக்குதே!"

காலை ஏழு மணி சுமாருக்கு அம்பத்தூர். ஷேர் ஆட்டோவில் எஸ்டேட், அதாவது தொழிற்பேட்டை, பக்கம் போக இருபது ரூபாய். நான்கு கிலோமீட்டர் இருக்கும். ஓ.டி. பேருந்து நிலையம் தாண்டியதும் எண்ணெய், துருப்பிடித்த இரும்பு, டீக்கடை அடுப்பு எல்லாம் கலந்த அந்த வாசனை வந்தது. அப்பாவின் சட்டையிலிருந்து வரும் வாசனை அது. அவர் பல்சக்கரம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் லேத்தில் கடைசல் பிடித்தவர். மாலை ஷிப்ட் முடியும் சங்கு ஊதியதும் தெருவெல்லாம் சைக்கிள் மணியாக இருக்கும். அவர் வரும் சைக்கிளின் மணியை மட்டும் எனக்குத் தனியாகத் தெரியும். இப்போது சங்கு ஊதிய இடத்தில் கண்ணாடி வைத்த கட்டடங்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, காதில் எதையோ மாட்டிக்கொண்டு பிள்ளைகள் உள்ளே போகிறார்கள்.

மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் மும்தாஜ் காத்திருந்தாள். சின்ன வயதில் ஒரே வரிசை வீட்டில் எங்களுக்கு அடுத்த கதவு அவர்களுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே பொதுச் சுவர். அதில் தட்டினால் பதில் தட்டு வரும். கல்யாணமாகிப் பூந்தமல்லி போனவள், கணவரின் தையல் கடையை இங்கே மாற்றியபோது திரும்பி வந்தாள்.

"இன்னாடி, நரச்சிப் போயிட்டே! சாயம் கீயம் பூச மாட்டியா?" என்றாள், கட்டிக்கொள்வதற்கு முன்பே.

"நீ பூசியிருக்கியா?"

"மருதாணி. அது வேற" என்றாள்.

அவள் இருக்கும் குடியிருப்புக்கு நடந்தோம். அதை எல்லாரும் 'சங்கத்து வீடு' என்கிறார்கள். அதன் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் தொழிற்சாலை ஆட்கள் பலர் சேர்ந்து, அப்போது முள்ளுக்காடாகக் கிடந்த ஒரு நிலத்தை வாங்கினார்கள். ஆளுக்கொரு மனையாகப் பிரித்துக்கொள்வதுதான் திட்டம். ஆனால் பேசிப் பேசி, கடைசியில் பிரிக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நிலம், சங்கம் என்று எல்லாரும் சொல்லும் ஓர் அறக்கட்டளையின் பேரில் இருக்கும். யாரும் அதை விற்க முடியாது. அதில் வீடுகள் கட்டி, இந்தப் பகுதி ஆட்களுக்குக் குறைந்த வாடகைக்குத் தருவார்கள். வரும் வாடகையில் பழுது பார்ப்பார்கள். மிச்சமானால் இன்னும் ஒரு வீடு கட்டுவார்கள். குடியிருப்பவர்களும் அக்கம்பக்கத்தினரும் சேர்ந்து அறக்கட்டளையை நடத்துவார்கள். வீட்டைக் காலி செய்கிறவர் சாவியைச் சங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

பணம் சேர்ந்து முதல் வீடுகள் எழும்பப் பல வருஷம் ஆனது. அந்தச் சமயத்தில் தொழிற்சாலை மூடப்பட்டது. அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை கிடைத்தது. நாங்கள் அந்த வீடுகளில் ஒரு நாள்கூடக் குடியிருக்கவில்லை.

இரண்டு மாடிக் கட்டடங்கள் மூன்று, நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு பெரிய வாதாமரம். சுவர்களில் வெளிர்மஞ்சள் சுண்ணாம்பு. மாடிப்படிகளில் துளசித்தொட்டி, கிரிக்கெட் மட்டை, காயப்போட்ட பள்ளிச் சீருடை. வெளியே இதே அளவு வீடு பன்னிரண்டாயிரத்துக்குக் கீழே கிடைக்காது என்றாள் மும்தாஜ். இங்கே அதில் பாதிக்கும் குறைவு.

"அட்வான்ஸ் பத்து மாசம் கேக்கறது, பதினோரு மாசத்துல காலி பண்ணச் சொல்றது, பாய்னு தெரிஞ்சதும் 'ஊட்ல பெரியவங்களக் கேட்டுச் சொல்றேன்'னு இழுக்கறது, அதெல்லாம் இங்க கெடயாதுடி" என்றாள். "வந்த அன்னிக்கே சொவத்துல ஆணி அடிச்சேன். யாரும் ஒண்ணும் கேக்கல."

ஆணி அடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வாடகை வீட்டிலேயே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் அம்மா காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் கட்டி வைப்பாள்.

காலி வீடு தரைத்தளத்தில் மரத்தை ஒட்டி இருந்தது. இரண்டு அறை, சமையலறை, பின்னால் துணி துவைக்கும் கல். மும்தாஜ் சாவி வாங்கி வந்து திறந்தாள். வெறும் அறையின் நடுவில் நின்றேன். இங்கே கட்டில், அங்கே அலமாரி, வாசலில் ஒரு நாற்காலி போட்டால் முற்றம் முழுக்கத் தெரியும் என்று மனம் வீட்டை நிரப்பிவிட்டது. பக்கத்துக் கட்டடத்தில் மும்தாஜ். மாலையில் சேர்ந்து டீ. திண்டாட்டம் என்னவென்றால், பார்த்தபிறகு அது எனக்குக் கிடைக்காது என்று நினைக்கவே முடியவில்லை.

சாயங்காலம் எங்கள் பழைய வரிசை வீடு இருந்த தெருவுக்குப் போனோம். அங்கே இப்போது ஐந்து மாடி அடுக்ககம். கீழே கார்கள் நின்ற இடத்தைச் சுமாராகக் கணக்குப் போட்டு, "இதான் உங்க ஊடு, இதான் எங்க ஊடு" என்று மும்தாஜ் காலால் கோடு போட்டாள். காவலாளி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம். கொஞ்ச தூரம் நடந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. சங்கத்து அறையில் கூட்டம். கேரம் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். முப்பது பேர் போல இருந்தார்கள். நடத்தியவர் தேவி. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

காலி வீட்டைக் கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். நான் ஒருத்தி. இன்னொருத்தி சுலோச்சனா. செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். இங்கே வால்வு செய்யும் கம்பெனியில் வேலை. கணவர் லாரியில் போகிறார். பெண் ஆறாம் வகுப்பு. இந்தப் பக்கத்தில் இருந்த வீட்டை உரிமையாளர் இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டதால், பட்டாபிராமுக்கும் அப்பால் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

முதலில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பிறந்த தெரு, படித்த பள்ளி, அப்பாவின் பேர் எல்லாம் சொன்னேன். "ராமலிங்கம் பொண்ணா!" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குத் தைரியம் வந்தது. "இந்த நிலத்துக்கு எங்கப்பாவும் பணம் போட்டிருக்கார். நான் இந்த ஊர்க்காரி. கடைசிக் காலத்தை இங்கே கழிக்கணும்னு ஆசை" என்று முடித்தேன்.

அடுத்து சுலோச்சனா எழுந்தார். பேசிப் பழக்கமில்லாதவர் என்று தெரிந்தது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"நான் இந்த ஊருன்னு சொல்லிக்க முடியாதுங்க. வந்து பன்னெண்டு வருசம் ஆவுது. காலைல நான் கெளம்பும்போது பாப்பா தூங்கிக்கிட்டு இருக்கும். திரும்பிப் போறப்பவும் பாதி நாள் தூங்கிடுது. ஸ்கூல மாத்தலீங்க, அது இங்கதான் படிக்குது. தனியாத்தான் ரயில்ல வந்து போவுது. அதான் பயமா இருக்கு." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

ஒருவர், "ராமலிங்கத்துப் பொண்ணு கேக்கறப்ப எப்படிங்க இல்லன்றது?" என்றார். இன்னொருவர், "அவங்க கோயம்புத்தூர்ல நல்லாத்தானே கீறாங்க?" என்றார். மும்தாஜ் என் பக்கத்தில் உட்கார்ந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தக் கூட்டத்தில் கை தூக்க வேண்டியவள்.

தேவி என்னைப் பார்த்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கறேன். உங்கப்பா இப்ப இங்க ஒக்காந்துகினு இருந்தா இன்னா சொல்லுவாரு?"

கேட்டவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கோ ஒரு மாலை நேரம் அப்படியே கண்முன் வந்தது. முள்ளு வெட்டிய இந்த நிலத்தில் ஒரு ஷாமியானா. அப்பா மடியில் நான். பிள்ளைகளுக்கு வீடு வாரிசுரிமையாகப் போக வேண்டுமா கூடாதா என்று ஆண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா எழுந்தபோது என்னை இறக்கிவிடாமல் இடுப்பில் வைத்துக்கொண்டே பேசினார். "எம்மவ இங்க இருந்தா அவளும் கேக்கட்டும். வேற ஊருக்குப் போயிட்டா, இங்க இருக்கறவனுக்குக் குடுங்க." எல்லாரும் என்னைப் பார்த்ததால் வெட்கமாகி அவர் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டேன். அந்த வெட்கம்தான் இத்தனை வருஷமாக ஞாபகத்தில் இருந்தது. அவர் சொன்னது இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"சுலோச்சனாவுக்குக் குடுங்கன்னு சொல்லுவார்" என்றேன்.

குரல் உடைந்துவிட்டது. அதை இருமல் போலச் சமாளித்தேன். தேவி கை தூக்கச் சொன்னார். மும்தாஜின் கை மட்டும் எழவில்லை. நான்தான் அவள் முழங்கையைப் பிடித்து உயர்த்திவிட்டேன். அவள் அழுதுகொண்டே, "போடி" என்றாள்.

மத்தியானம் மும்தாஜ் வீட்டில் சாப்பாடு. கத்தரிக்காய் தாளிச்சாவும் குஷ்காவும் செய்திருந்தாள். நான் இங்கேயே வந்துவிடுவேன் என்று நம்பிச் சமைத்த சாப்பாடு என்பது அளவைப் பார்த்தாலே தெரிந்தது. நிறையச் சாப்பிட்டோம். பிறகு ஜன்னலருகே போய் நின்றோம். கீழே சுலோச்சனா, பெண்ணைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் உள்ளே போவதும் வெளியே ஓடி வருவதுமாக இருந்தாள். நேற்று நான் கட்டில் போட்ட இடத்தில் அவள் என்ன போடுவாளோ என்று யோசித்தேன். கொஞ்சம் வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"வருசத்துக்கு ஒரு தபா வந்து என் ஊட்ல ஒரு மாசம் இரு" என்றாள் மும்தாஜ். "அதுக்கு எந்தக் கூட்டமும் வேணாம்."

"வர்றேன்" என்றேன். வருவேன்.

மாலை ஆறு மணி. அம்பத்தூர் நிலையத்துக்கு ஆட்டோ, நூற்றிருபது ரூபாய். ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும். சிக்னலில் கண்ணாடி வழியாகப் பார்த்து, "எந்த ஊருக்கா?" என்றார்.

இத்தனை வருஷமும் யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், அம்பத்தூர் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். கணபதியில் பால்காரருக்கும் நான் அம்பத்தூர் அம்மாதான். என் வீட்டுக்காரம்மா சிறுவாணித் தண்ணீரைத் தூக்கி வந்து கொடுத்துக்கொண்டே, "உங்க ஊருல இப்படித் தண்ணி உண்டுங்களா?" என்று கேலி செய்வார். முப்பத்தேழு வருஷம் அங்கே வாடகை கொடுத்திருக்கிறேன். எத்தனையோ பேருக்கு அங்கே ஊசி போட்டிருக்கிறேன். அப்பாவையும் அம்மாவையும் அங்கேதான் எரித்தேன்.

"கோயம்புத்தூர்" என்றேன்.

"நல்ல ஊரு. நான் எஸ்டேட் ஸ்டாண்டுலதான் ஓட்டறேன். ஊடு மட்டும் திருநின்றவூர். இங்க வாடகை தாங்காதுக்கா."

"மண்ணூர்பேட்டையில சங்கத்து வீடுன்னு இருக்கே, அங்கே கேட்டீங்களா?"

"கேள்விப்பட்டுக்கீறேன். அது அவங்க ஆளுங்களுக்கு மட்டுந்தானே?"

"இல்லீங்க. இங்க வேலை செய்யறவங்களுக்கு" என்றேன். "இப்ப காலி இல்லை. ஆனா போய்ச் சொல்லி வையுங்க. தேவின்னு ஒருத்தங்க இருப்பாங்க."

"எங்கக்கா கீது அது?"

மண்ணூர்பேட்டைப் பக்கம் தினமும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு, கோயம்புத்தூர்க்காரியான நான் வழி சொல்லத் தொடங்கினேன்.