எண்ணெய்க் கையும் கடல் மனுவும்

போன ஞாயிறு குற்றாலத்தில், மெயினருவிக்குப் போகிற வழியில், ஒரு அட்டையும் மைப்பேனாவுமாக நின்றிருந்தேன். நல்ல சாரல்... ஜில்லாவில் பாதிப்பேர் அங்கேதான். கையெழுத்து வாங்க இதைவிட வாகான இடம் உண்டா?

மனு கடலைப் பற்றியது. தென்காசிக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மனைவி தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரி. கல்யாணமான புதிதில் வள்ளத்தில் கூட்டிப்போய், தண்ணீருக்கு அடியில் பவளப்பாறையைக் காட்டினாள். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன மீன்கள். தன் சொந்தத் தோட்டத்தைக் காட்டுகிற மாதிரி அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சமீபத்தில் மைத்துனர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பாறையை உடைத்து வள்ளம் வள்ளமாகக் கரையில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்காம். இப்போதெல்லாம் மீன் கிட்டவே வருவதில்லை என்றார் மைத்துனர். அவளை இன்னொரு தரம் பறிகொடுத்தது போல இருந்தது எனக்கு.

பாறையை உடைக்கக் கூடாதென்று சட்டம் வேண்டும்; உடைத்த இடத்தில் கை வைக்காமல் மறுபடி வளர விட வேண்டும் — இவ்வளவுதான் மனு. அன்று சாயங்காலம் குற்றாலம் பங்களாவுக்கு ஒரு எம்.எல்.ஏ. வருவதாக இருந்தது. அதற்குள் நூறு கையெழுத்தாவது சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மூளை உள்ளவன் ஒன்றை யோசித்திருப்பான். அருவிக்குப் போகிறவர்கள் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய். திரும்பி வருகிறவர்கள் சொட்டச் சொட்ட ஈரம். இதில் எந்தக் கையில் என் பேனாவைக் கொடுப்பது?

பாவம், சிலர் நல்ல மனசோடு போடத்தான் போட்டார்கள். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் மை ஒட்டவில்லை. ஈரக் கை பட்ட இடத்தில் மை நிற்கவில்லை.

பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர் வெகுநேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கடலு எங்கனயோ கெடக்கு. நீங்க இங்கன நின்னு காலையிலருந்து கேக்குதீய. தொணைக்கு ஒரு ஆளு வரலையா?"

"வாறதுக்கு ஆளு இல்ல" என்றேன்.

அவர் துண்டில் கையை மூன்று தரம் துடைத்துவிட்டு, பேனாவை வாங்கிப் பெயரை எழுதினார். அதுவும் வழுக்கியது.

எம்.எல்.ஏ. நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். எண்ணெய் ஊறிய தாளில் ஜன்னல் கம்பியே தெரிந்தது.

"ஒங்க பேரு ஒண்ணுதான் தெரியுது அண்ணாச்சி. ஒத்த ஆளு கேக்காருன்னு சபையில எப்படிச் சொல்ல? நீங்க ஒருத்தர்தானா?"

"ஆமா, நான் ஒருத்தன்தான்."

மனுவுக்குத்தான் பதில் சொன்னேன். ஆனால் பஸ்ஸில் தென்காசி வந்து சேரும்வரை அந்தப் பதில் என்னை விடவில்லை. பூட்டைத் திறந்து உள்ளே போனேன். 'போன காரியம் என்னாச்சு?' என்று கேட்க வீட்டில் யாருமில்லை.

மனுவைப் புதுத் தாளில் எழுதிவிட்டேன். வருகிற ஞாயிறு காலை தென்காசி பஸ் ஸ்டாண்டில், குற்றாலம் பஸ் நிற்கிற இடத்தில் நிற்பேன். எண்ணெய் முந்துவதற்குள் நான் முந்தியாக வேண்டும்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்களே... ஒரே ஒருவர், உலர்ந்த கையோடு வாருங்களேன்.