கழுத்து வீக்கமும் கை ஓங்காத மேஸ்திரியும்

பஸ் பணிமனையில் அவருக்குப் பெயர் பஞ்சு மேஸ்திரி. காலில் ஸ்பானர் விழுந்தால் ஸ்பானருக்கு அடிபட்டதா என்று பார்க்கிற ஆள் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். கியர்பாக்ஸைத் தப்பாக மாட்டித் தொலைத்தவனிடம்கூட, "சரி விடுப்பா, கழட்டி மறுபடி மாட்டு" என்பார்.

பிறவிச் சாது என்று ஊரே நினைத்தது. நிஜம் அவருக்குத்தான் தெரியும். மகளுக்கு நாலு வயது இருக்கும்போது கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அந்த மாதமே பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. அறைந்ததைப் பற்றி மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. அதன்பிறகு இருபது வருடம் அந்தக் கையை யார்மேலும் அவர் ஓங்கவில்லை.

இப்போது மகளின் கழுத்து வீங்கிவிட்டது. ஸ்கேன், ரத்தம், ஜீன் பரிசோதனை என்று ஒரு மாதம் அலைந்தார்கள். இன்று அப்பாவையும் மகளையும் எதிரே உட்கார வைத்து, டாக்டரம்மா தைராய்டு சுரப்பியின் படம் ஒன்றை மேசையில் விரித்தார்.

"தைராய்டு ஹார்மோன் செய்ய அயோடின் வேணுங்க. சுரப்பிக்குள்ள அயோடினை அது சேர வேண்டிய எடத்துக்கு விடுற கதவு மாதிரி ஒரு புரதம் இருக்கு. இவங்களுக்கு அது சரியா அமையல. ஹார்மோன் போதாம, சுரப்பி திணறித் திணறி வீங்கிடுச்சு. உள்காதுக்கும் அதே புரதம்தான் வேணும். காது கேக்காததும் அதனாலதான்."

மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "காதுமா?"

"ஆமாங்க. உங்ககிட்டேருந்து ஒரு பழுதான ஜீன், அவங்க அம்மாகிட்டேருந்து ஒண்ணு. ஒண்ணு மட்டும் இருக்கறதால உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியல."

"நாலு வயசுல நான் அறைஞ்சதால இல்லையா?"

"இது பிறவியிலேயே உள்ளதுங்க. ஒரு அறையில வர்ற வியாதி இல்ல."

இருபது வருடமாகத் தன்னைத் தின்றது வெறும் பொய்யா! சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்றே அவருக்குப் புரியவில்லை. டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"குறிச்சுக்கறேன். சிலருக்குப் போகப் போகத்தான் காது மந்தமாகும். அடிக்கறதுக்கு முன்னாடி நல்லா கேட்டுச்சா? எதுக்கு அடிச்சீங்க?"

"சொன்ன பேச்சு கேக்கலங்க. மூணு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. திமிருன்னு நெனச்சு..."

பேனா நின்றுவிட்டது. அன்று அவர் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டிருக்கவே இல்லை.

உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளும் மகள், படத்திலிருந்து தலை நிமிர்ந்து, என்ன சொன்னீர்கள் என்று கையசைத்துக் கேட்டாள்.

மேஸ்திரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.