குரலில்லாமல் சொன்ன கடைசிப் பாகம்

பத்து வயதில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு டிவிக்கு முன்னால் ஓர் இடம், கூடவே ஒரு சாயா. கொச்சி மட்டாஞ்சேரியில் அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் அப்போது கேபிள் வந்திருந்தது பக்கத்து வீட்டு மலையாளி அக்கா, எங்கள் சேச்சியின் வீட்டுக்கு மட்டும்தான். அப்பா நகரசபைத் துப்புரவு வேலையில் இருந்தார். எங்களுக்கு டிவியே இல்லை.

டிவி இல்லாததைவிடப் பெரிய தொல்லை அப்பாவின் மானம். "விளிக்காத வீட்டுல போயி டிவிக்கு முன்னால குந்தப்படாது" என்பது வீட்டுச் சட்டம். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதை ஒருநாள் சேச்சி கண்டுவிட்டார். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடமே முறையிட்டார்.

"ஈ கார்ட்டூன் முழுக்கத் தமிழாணு. ஞங்ஙள்க்கு ஒன்னும் மனசிலாவுன்னில்ல. மோளை ஒன்னு விடணே, பறஞ்சு தரான்."

தமிழ் புரியவில்லை, சொல்லித்தரப் பெண்ணை அனுப்புங்கள் என்று ஒருவர் வீடு தேடி வந்து கேட்டால் எப்படி மறுப்பது? அப்பா தலையைச் சொறிந்துகொண்டே சம்மதித்தார்.

கார்ட்டூனின் நாயகன் ஒரு சாதாரணப் பையன். ஆபத்து வந்தால் முகமூடி அணிந்து ஓடுவான். கையை நீட்டினால் ஆற்று வெள்ளமே நின்றுவிடும். இது அவன் அம்மாவுக்குத் தெரியாது. ஊரே தவிக்கும்போது மகன் மட்டும் காணாமல் போகிறானே, இப்படி ஒரு கோழையைப் பெற்றேனே என்று வாரம் தவறாமல் திட்டுவாள். அதையெல்லாம் சேச்சிக்கும் என் வயதுக்காரனான அவர் மகனுக்கும் நான் மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வருவேன். பள்ளியில் நான் படித்ததோ மலையாளம். கார்ட்டூன்காரர்கள் பேசிய செந்தமிழ் பாதி எனக்கே விளங்காது. கேடயம் என்றால் என்னவென்று தெரியாமல், வட்டமாக இருந்ததால் தோசைக்கல் என்று சொல்லிவைத்தேன். சேச்சியின் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் கதை சொல்லும் அழகு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பாகத்தில் அவன் அம்மா முன்னால் முகமூடியைக் கழற்றியே தீருவான் என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்லியிருந்தேன். அந்த ஞாயிறும் வந்தது. முந்தின நாள் பள்ளி விளையாட்டு விழாவில் கத்தித் தீர்த்து, அது போதாதென்று குச்சி ஐஸும் தின்றதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அம்மா மிளகுக் கஷாயம் கொடுத்தும் காற்றுதான் வந்தது. பேச முடியாத மொழிபெயர்ப்பாளரை யார் கூப்பிடுவார்கள்? வேலை இல்லாமல் போய் உட்கார அப்பா விடமாட்டார். வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

சத்தம் வராத அழுகையைச் சேச்சி எப்படிக் கண்டாரோ, வந்து கையைப் பிடித்தார். "சப்தம் வேண்டா. நீ ஆக்ஷன் காட்டியால் மதி." கையைக் காலை ஆட்டிக் காட்டினால் போதுமாம். அப்பா போ என்று தலையசைத்தார்.

டிவிக்குப் பக்கத்தில் நின்று நடித்தேன். வெள்ளம் வந்தது, கட்டிலில் ஏறிப் புரண்டு காட்டினேன். பாலம் உடைந்தது, தொப்பென்று விழுந்தேன். அவன் இரண்டு கையாலும் வெள்ளத்தைத் தடுத்து ஊரைக் காப்பாற்றினான். நனைந்து வீட்டுக்கு வந்தவனை அம்மா பிடித்துக்கொண்டாள். அத்தனை பேரும் பாலத்தில் நிற்கும்போது நீ எங்கேயடா போயிருந்தாய்? இதோ கழற்றப்போகிறான் என்று என் கை என் முகத்துக்குப் போனது. அவனோ சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு, "பயமாக இருந்தது அம்மா, ஒளிந்துகொண்டேன்" என்றான். அவ்வளவுதான், தொடர் முடிந்துவிட்டது.

இதை எப்படி நடித்துக் காட்டுவதென்று புரியாமல் நான் திரும்பினேன். சேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மகன் மூக்கை உறிஞ்சினான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இது என்ன முடிவு? நல்லது செய்தவன் சொல்லிக்கொள்ள வேண்டாமா? இருந்த கொஞ்சக் காற்றைத் திரட்டி, "பறயாமல்லோ, எந்தா பறயாஞ்ஞே?" என்று சேச்சியிடம் கேட்டேன். சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?

"பறஞ்சால் பின்னே அம்மை அவனை வழக்கு பறயுமோ?" என்றார் சேச்சி. சொல்லிவிட்டால் அப்புறம் அம்மா அவனைத் திட்டுவாளா? திட்டு நின்றால் லாபம்தானே என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு அவன் வெறும் மகனாகவே இருக்க ஆசைப்பட்டான் என்பது புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

இன்னொன்றும் அப்போது புரியவில்லை. கொச்சியில் தமிழ்ப்படம் வந்தால் முதல் ஆட்டத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் மலையாளிகள்தான். துணி துவைக்கும்போது சேச்சி பாடியதும் தமிழ்ப் பாட்டுத்தான், ஒரு சொல் பிசகாமல். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று அந்தச் சந்தில் நம்பியது நான் ஒருத்திதான். அப்பா நம்பினாரா, நம்பியதுபோல் இருந்துவிட்டாரா, கேட்டதில்லை.

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவின் காதோடு வாய் வைத்துப் பெருமையடித்தேன்: "என் ஆக்ஷன் கண்டு சேச்சி அழுதுட்டாங்க."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "சேச்சி தங்கமான மனுஷி" என்றார்.

நடித்தவள் நான், புகழ் சேச்சிக்கா என்று அன்று முழுக்க அம்மாவிடம் முகம் கொடுக்கவே இல்லை.